இன்றியமையாததும் அறியப்படாததும்

ஒரு பொருள் என்ன வேலை செய்கிறது என்று தெரியாமல், அது இல்லாமல் முடியாது என்று மட்டும் உறுதியாகச் சொல்ல முடியுமா? அன்றாட வாழ்வில் இந்தக் கேள்வி சற்று விசித்திரமாகவே படும். ஒன்றின் தேவையை நாம் அதன் பயனைக் கொண்டே அளந்து பழகியிருக்கிறோம். மழைக்குக் குடை, இருட்டுக்கு விளக்கு. பயன் முதலில் தெரிகிறது. தேவை அதிலிருந்து பிறக்கிறது. ஆனால் இந்த வரிசை தலைகீழாக நிற்கும் ஓர் இடம் உயிரியலில் உண்டு. அங்கே தேவை நிரூபணமாகிவிட்டது. பயன் இன்னும் தெரியவில்லை. அந்த இடத்தைச் சற்று நின்று பார்ப்பது விஞ்ஞானிகளுக்கு மட்டுமன்றி நமக்கும் உரிய காரியம் என்பதே இக்கட்டுரையின் எண்ணம்.

2016ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் 'சயன்ஸ்' சஞ்சிகையில் ஓர் ஆய்வு வெளிவந்தது. அமெரிக்காவின் கிரெய்க் வென்டர் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த கிளைட் ஹட்சிசன் முதலானோர் அதனை எழுதியிருந்தனர். ஆடுகளில் நோய் உண்டாக்கும் மைக்கோபிளாஸ்மா என்னும் மிகச் சிறிய பக்டீரியா ஒன்றின் டி.என்.ஏ.யை இரசாயன முறையில் ஆய்வுகூடத்திலே கட்டியெழுப்பி, அதனால் இயங்கும் ஒரு கலத்தை 2010இலேயே அவர்கள் உருவாக்கியிருந்தனர். அதில் 901 பரம்பரை அலகுகள் இருந்தன. பரம்பரை அலகு என்பது, பெரும்பாலும், ஒரு புரதத்தை எப்படிச் செய்வது என்ற குறிப்பு எழுதப்பட்டிருக்கும் டி.என்.ஏ. துண்டு. இந்த 901இல் எவையெல்லாம் இல்லாமலும் கலம் பிழைக்கும் என்று பார்த்துப் பார்த்து நீக்கி, கடைசியில் 473 அலகுகளில் வந்து நின்றார்கள். தானே வளர்ந்து பெருகும் கலங்களில் அதுவரை அறியப்பட்ட எதற்கும் இவ்வளவு குறைந்த அலகுகள் இருந்ததில்லை.

உயிருக்கு வேண்டிய ஆகக் குறைந்த பொருட்பட்டியலை எழுதிவிட்டோம் என்று பெருமைப்பட்டிருக்க வேண்டிய நேரம் அது. ஆனால் அந்த ஆய்வில் அதிகம் பேசப்பட்டது வேறொரு எண். 473இல் 149 அலகுகள் என்ன செய்கின்றன என்பது அவர்களுக்குத் தெளிவாகத் தெரியவில்லை. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு! வேண்டாததையெல்லாம் கழித்த பிறகு எஞ்சிய, கழிக்கவே முடியாத பகுதியில் மூன்றிலொன்று இருட்டு.

இதைவிட நன்கு ஆராயப்பட்ட பக்டீரியாவின் நிலை என்ன? நமது குடலில் வாழும் ஈ. கோலை, விஞ்ஞானம் மிக அதிகமாகத் துருவிப் பார்த்த உயிர்களில் ஒன்று. அதன் முழு டி.என்.ஏ. வரிசை 1997இல் வெளியானது. புரதங்களுக்கான 4,288 அலகுகள் அதில் இனங்காணப்பட்டன. 2006இல் ஜப்பானின் கெய்யோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்களும் அவர்களது கூட்டாளிகளும் இந்த அலகுகளை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தார்கள். ஒரு வகைக் கலத்தில் ஓர் அலகு மட்டும் இல்லை, மற்றதில் இன்னொன்று மட்டும் இல்லை என்ற முறையில் 3,985 வகைகள் கிடைத்தன. 303 அலகுகளை மட்டும் நீக்க முடியவில்லை. நீக்கினால் வளர்ந்து வர ஒரு கலமும் மிஞ்சவில்லை. அந்த 303இல் 37 அலகுகளின் பணி அன்று தெரியாதிருந்தது.

பணி தெரியாத ஈ. கோலை அலகுகளுக்குப் பெயரிடுவதில் ஒரு வழக்கம் உண்டு. அவற்றின் பெயர் ஆங்கில எழுத்தான 'வை'யில் தொடங்கும். அடுத்து வரும் எழுத்துக்கள் அது டி.என்.ஏ.யில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை மட்டுமே காட்டும். தொழிலால் அறியப்படாத ஒருவரை வீட்டிலக்கத்தால் அழைப்பது போன்றது இது. பணி தெரிய வந்ததும் வேறு பெயர் சூட்டப்படும். எனவே அந்த முதலெழுத்தை, 'இன்னும் தெரியாது' என்பதற்கு விஞ்ஞானம் இட்டுக்கொண்ட அடையாளம் எனலாம்.

இப்படிப் பெயரற்று நின்றவற்றுள் மென்சவ்வுப் புரதங்கள் பல. அதற்குக் காரணம் இருக்கிறது. கலத்தின் உள்ளையும் வெளியையும் பிரிக்கும் மெல்லிய கொழுப்புப் படலமே மென்சவ்வு. அதில் பதிந்திருக்கும் புரதங்கள் அந்தக் கொழுப்புக்குள்தான் தம் வடிவத்தைக் காத்துக்கொள்கின்றன. ஏனைய புரதங்களைப் போல அவற்றைத் தண்ணீரில் கரைத்துப் பிரித்தெடுக்க முடியாது. சவ்விலிருந்து பிடுங்கினால் பெரும்பாலும் உருக்குலைந்து போகும். இருக்கும் இடத்தை விட்டு எடுத்தால் அது அதுவாக இருப்பதில்லை. இருக்கும் இடத்திலேயே பார்ப்பதோ கடினம். இவற்றின் பணி நீண்ட காலம் மறைந்திருந்ததில் வியப்பில்லை.

இத்தகைய ஒன்றின் கதையைச் சற்று விரிவாகப் பார்ப்போம். அதன் பெயர் யெஜ்எம்.

ஈ. கோலைக்கு மென்சவ்வு ஒன்றல்ல, இரண்டு. வெளிச்சவ்வின் மேற்பரப்பில் இலிப்போபொலிசக்கரைட்டு என்னும் மூலக்கூறுகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. குடலில் பித்த உப்புகளையும், மருத்துவர் கொடுக்கும் பல நுண்ணுயிர்க்கொல்லிகளையும் உள்ளே விடாமல் தடுப்பது இந்த அடுக்குத்தான். யெஜ்எம் இருப்பது உட்சவ்வில். 586 அமினோ அமிலங்கள் கொண்ட இப்புரதத்தின் முதற்பகுதி சவ்வை ஐந்து முறை ஊடுருவி நிற்கிறது. மீதி, ஒரு பெரிய உருண்டையாக, இரு சவ்வுகளுக்கும் இடைப்பட்ட வெளியில் இருக்கிறது.

அந்த உருண்டைப் பகுதி பார்வைக்கு ஒரு நொதியம் போலவே இருந்தது. சல்பேற்றை வெட்டும் நொதியங்களின் குடும்பச் சாயல் அதன் முகத்தில் தெளிவாகத் தெரிந்தது. யாராயினும் அதைத்தான் முதலில் கவனித்திருப்பார்கள். ஆனால் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் நடந்து 2008இல் வெளிவந்த ஆய்வொன்று, அந்த உருண்டை முழுவதையும் வெட்டி எறிந்தாலும் கலம் சாவதில்லை என்று காட்டியது. சாவுக்கும் வாழ்வுக்கும் காரணமாக இருந்தது சவ்வுக்குள் புதைந்து கிடந்த முதற்பகுதிதான். உருண்டையை இழந்த கலங்கள் உயிர் வாழ்ந்தன. ஆனால் வெப்பத்தைத் தாங்கவில்லை. வழக்கமாக வெளிச்சவ்வைத் தாண்ட முடியாத வன்கோமைசின் மருந்து அவற்றை எளிதாகக் கொன்றது. வெளிச்சுவருக்கும் இதற்கும் ஏதோ சம்பந்தம் இருக்கிறது என்பது தெரிந்தது. என்ன சம்பந்தம் என்பது தெரியவில்லை.

2014இல் இதன் உறவுப் புரதத்தைச் சல்மொனெல்லாவில் ஆராய்ந்தவர்கள், கார்டியோலிப்பின் என்னும் கொழுப்பை வெளிச்சவ்வுக்குக் கொண்டுசேர்ப்பதே இதன் பணி என்றார்கள். புதுப் பெயரும் சூட்டப்பட்டது. ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. ஈ. கோலையில் கார்டியோலிப்பினைச் செய்யும் நொதியங்கள் அனைத்தையும் நீக்கினாலும் கலம் பிழைக்கும் என்பது அதற்கு முன்பே தெரிந்திருந்தது. சரக்கே இல்லாமல் ஊர் வாழும் என்றால், சரக்கைச் சுமப்பவன் இல்லாமல் ஊர் ஏன் அழிகிறது? சொல்லப்பட்ட பணியால் அதன் இன்றியமையாமையை விளக்க முடியவில்லை.

2020இல் வெவ்வேறு ஆய்வுக்குழுக்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் விடையை வந்தடைந்தன. இலிப்போபொலிசக்கரைட்டைச் செய்யும் பாதையின் தொடக்கத்தில் ஒரு நொதியம் இருக்கிறது. அது மிகுந்தால் இலிப்போபொலிசக்கரைட்டு அளவுக்கு மீறிப் பெருகிக் கலம் சாகும். குறைந்தால் வெளிச்சுவர் இல்லாமல் கலம் சாகும். ஆகவே கலம் அந்த நொதியத்தை வேண்டிய அளவுக்கு மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வெட்டி அழிக்கிறது. வெட்டுவதற்கு ஒரு புரதம், அதற்கு வழிகாட்ட இன்னொரு புரதம். யெஜ்எம் செய்வது, அந்த வழிகாட்டியைப் பிடித்து நிறுத்துவது. இலிப்போபொலிசக்கரைட்டு போதாதபோது அது வழிகாட்டியை இறுகப் பிடித்துக்கொள்கிறது, வெட்டு நிற்கிறது, உற்பத்தி தொடர்கிறது. தேவைக்கு மேல் சேர்ந்த இலிப்போபொலிசக்கரைட்டு உட்சவ்வில் தேங்கத் தொடங்கும்போது, அந்த மூலக்கூறே யெஜ்எம்முடன் வந்து ஒட்டுகிறது, பிடி தளர்கிறது, வெட்டு தொடங்குகிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. யெஜ்எம் தன் கையால் எதையும் செய்வதில்லை. எதையும் கட்டுவதில்லை, எதையும் வெட்டுவதில்லை, எதையும் சுமப்பதில்லை. அது அளவை அறிகிறது, அழிப்பவனைத் தடுக்கிறது, தடுப்பதை எப்போது விட வேண்டும் என்று தெரிந்து விடுகிறது. நொதியத்தின் சாயல் கொண்டிருந்தும் அது நொதியம் போல் நடப்பதில்லை. 'இது எதைச் செய்கிறது' என்று தேடியவர்களுக்கு அது அகப்படாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். கேள்வி எதிர்பார்த்த மாதிரியான விடை அங்கு இருக்கவில்லை.

இனி மெய்யியலின் பக்கம் வருவோம். 'பணி' என்ற சொல்லால் நாம் எதைக் குறிக்கிறோம்? 1973இல் லரி ரைட் என்ற அமெரிக்க மெய்யியலாளர் இதற்கு ஒரு விடை சொன்னார். ஒன்று எதைச் செய்வதன் காரணமாக அங்கே இருக்கிறதோ, அதுவே அதன் பணி. இதயம் இரத்தத்தைத் தள்ளுகிறது. துடிக்கும் ஓசையும் எழுப்புகிறது. இரத்தத்தைத் தள்ளுவதால்தான் இதயம் உடலில் இருக்கிறது, ஓசைக்காக அல்ல. எனவே ஓசை எழுப்புவது அதன் பணியாகாது. 1975இல் ரொபர்ட் கமின்ஸ் வேறொரு விடை தந்தார். ஒன்று ஏன் அங்கே வந்தது என்ற வரலாறு வேண்டாம். முழு அமைப்பின் ஆற்றலுக்கு அந்தப் பகுதி என்ன பங்களிக்கிறது என்று காட்டினால் அதுவே பணி என்றார். இவ்விரண்டு விடைகளைச் சுற்றியே பின்வந்த விவாதத்தின் பெரும்பகுதி நடந்தது.

ஆனால் ஆய்வுகூடத்தில் ஓர் அலகை நீக்கி, கலம் சாவதைப் பார்ப்பவரிடம் இவ்விரண்டு விடைகளும் இல்லை. அது ஏன் வந்தது என்றும் அவருக்குத் தெரியாது, எதைப் பங்களிக்கிறது என்றும் தெரியாது. அவரிடம் இருப்பது ஒரே ஒரு வாக்கியம்: இது இல்லையேல் அது இல்லை. தேரின் அச்சாணியைப் பற்றிய உவமை தமிழில் மிகப் பழையது. சிறியதன் அருமையைச் சொல்ல அதை எடுத்தாள்கிறோம். ஆனால் அந்த உவமையில் அச்சாணியின் வேலை நமக்கு முன்கூட்டியே தெரியும்; அதனால்தான் அதன் அருமையும் புரிகிறது. இங்கேயோ ஏதோ ஓர் ஆணியைக் கழற்றினோம், தேர் சாய்ந்தது. அது எங்கே செருகப்பட்டிருந்தது, எதைத் தாங்கியது என்பதெல்லாம் பிறகு தேட வேண்டியவை. சாய்ந்ததை வைத்துத் தாங்கியதை ஊகிக்கலாம். ஆனால் ஊகம் தவறலாம் என்பதற்குக் கார்டியோலிப்பின் கதையே சாட்சி.

இதிலிருந்து முதலாவது முடிவுக்கு வரலாம். ஒன்றின் பெறுமதியை ஏற்பதற்கு அதன் பயனைப் புரிந்துகொள்வது முன்நிபந்தனை அன்று. புரிதல் நம்முடைய காரியம்; பெறுமதி அதனுடையது. 2020க்கு முன் யெஜ்எம் என்ன செய்கிறது என்று யாருக்கும் தெரியாதிருந்த காலத்திலும், ஈ. கோலையின் ஒவ்வொரு கலமும் அதை நம்பித்தான் உயிர் வாழ்ந்தது.

ஆனால் இந்த முடிவோடு நிறுத்திக்கொண்டால் இன்னொரு பள்ளத்தில் விழுவோம். 'நீக்கினால் சாகிறது, ஆகவே முக்கியம்' என்று ஏற்ற உடனேயே, 'நீக்கினாலும் சாகவில்லை, ஆகவே முக்கியமில்லை' என்று மனம் தொடர்ந்து சொல்லிவிடுகிறது. முதல் வாக்கியத்திலிருந்து இரண்டாவது வருவதில்லை. கெய்யோ பரிசோதனையில் 3,985 அலகுகள் நீக்கப்பட்டும் கலங்கள் வாழ்ந்தன அல்லவா? அவை வாழ்ந்தது சத்துக்கள் நிறைந்த வளர்ப்பூடகத்தில். வேண்டிய எல்லாம் கரைத்துக் கொடுக்கப்பட்ட, எதிரியும் பசியும் இல்லாத ஓரிடம் அது. ஒரு கரிப்பொருளும் சில உப்புகளும் மட்டுமே உள்ள ஊடகத்துக்கு மாற்றினால், மேலும் நூற்றுக்கும் அதிகமான அலகுகள் இல்லாமல் முடியாதவையாகி விடுகின்றன. அலகு மாறவில்லை, அறை மாறியிருக்கிறது. 'தேவையற்றது' என்ற தீர்ப்பில் எப்போதும் சொல்லப்படாத ஒரு பாதி உண்டு. எங்கே தேவையற்றது? எந்தக் காலத்தில்?

இன்னொரு உதாரணமும் இருக்கிறது. பக்டீரியாவின் கலச்சுவருக்கான 'செங்கற்களை' உட்சவ்வின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் புரட்டிவிடும் புரதம் ஒன்றுண்டு. அதன் பெயர் மர்ஜே. ஈ. கோலைக்கு இது இன்றியமையாதது. 2008இல் இதன் பணி முன்மொழியப்பட்டது. அடுத்த ஆண்டே பசிலஸ் சப்டிலிஸ் என்ற மற்றொரு பக்டீரியாவில் இதன் உறவுப் புரதங்கள் எல்லாவற்றையும் நீக்கியும் அது வாழ்கிறது என்று காட்டப்பட்டது. அப்படியென்றால் செங்கல்லைப் புரட்டுவது இதுவல்ல என்று வாதிடுவது எளிதாயிற்று. விவாதம் ஆண்டுக்கணக்கில் நீடித்தது. 2015இல்தான் விடை வந்தது. பசிலஸிடம், மர்ஜேயின் சாயல் சற்றும் இல்லாத வேறொரு மென்சவ்வுப் புரதம் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தது. ஒன்றை நீக்கினால் மற்றது தாங்கியது. இரண்டையும் நீக்கினால் கலம் செத்தது. ஒருவர் இல்லாதபோது வீடு நடக்கிறதென்றால், அவர் ஒன்றும் செய்யவில்லை என்பதா பொருள்? இன்னொருவர் இரண்டு பங்கு சுமக்கிறார் என்பதாகவும் இருக்கலாம்.

மேலே சொன்ன 473 அலகுக் கலத்திலும் இதே பாடம் உண்டு. அது வாழ்ந்தது, பெருகியது. ஆனால் அதன் கலங்கள் சீரான உருவில் இல்லை. சில மிகப் பெரியனவாகவும் சில இழை போலவும் பிரிந்தன. 2021இல் வெளியான ஆய்வு, கழித்துவிட்ட அலகுகளில் ஏழைத் திரும்பச் சேர்த்தால் கலம் ஒழுங்காகப் பிரிகிறது என்று காட்டியது. அந்த ஏழில் இரண்டின் பணி மட்டுமே முன்பு தெரிந்தது. நான்கு, பணி தெரியாத, மென்சவ்வோடு சேர்ந்த புரதங்களுக்குரியவை. உயிரோடு இருப்பதற்கு வேண்டியது வேறு, செவ்வையாக இருப்பதற்கு வேண்டியது வேறு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியுமா? சாகவில்லை என்பதை மட்டும் அளவுகோலாக வைத்தவர்களின் கண்ணில் இந்த ஏழும் பட்டிருக்க நியாயமில்லை.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத பக்டீரியாவின் காரியம்தானே, மனிதனுக்கு இதனால் என்ன என்று கேட்கலாம். மனிதனுக்கும் ஆனது. தைமஸ் சுரப்பியின் வரலாறு அதைச் சொல்கிறது.

மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் இந்தச் சுரப்பியின் பணி இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை தெரியாதிருந்தது. வளர்ந்த விலங்குகளில் அதை வெட்டி எடுத்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. மருத்துவ மாணவர்கள் அறுத்துப் படித்த சடலங்களில் அது சிறுத்தே காணப்பட்டது. அந்தச் சடலங்கள் பெரும்பாலும் ஏழைகளுடையவை. நெடுநாள் நோயும் பட்டினியும் அந்தச் சுரப்பியைச் சுருக்கிவிடும் என்பது கருத்தில் கொள்ளப்படவில்லை. சுருங்கிய அளவே இயல்பான அளவென்று கொள்ளப்பட்டது. ஆகவே திடீரென இறந்த, அதுவரை ஆரோக்கியமாக இருந்த குழந்தைகளின் உடலில் இயல்பான அளவுச் சுரப்பியைக் கண்டபோது, அது வீங்கியிருப்பதாகவும் அதுவே மரணத்துக்குக் காரணமெனவும் மருத்துவர்கள் எண்ணினார்கள். 1907இலிருந்து, நோயற்ற குழந்தைகளின் மார்பிலும் கழுத்தடியிலும் எக்ஸ் கதிர் பாய்ச்சி அதைச் சுருக்கும் சிகிச்சை பரவியது. ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு அது செய்யப்பட்டது. அவர்களிடையே தைரொயிட் புற்றுநோய் கூடுதலாக வருவது 1950 முதல் தெரியவந்தது. 1961இல் லண்டனில் பணியாற்றிய ஜாக் மில்லர், பிறந்தவுடனே எலிக்குஞ்சுகளின் தைமஸை எடுத்துப் பார்த்தார். அவை நோயை எதிர்க்கும் ஆற்றலின்றி மெலிந்து இறந்தன. உடலின் நோயெதிர்ப்புக் கலங்களில் முக்கியமான ஒரு வகை பயிற்சி பெறும் இடம் அதுவே. வளர்ந்த பிறகு எடுத்தால் தீங்கு தெரியாததற்குக் காரணம், அதன் பெரும்பணி அதற்குள் முடிந்திருப்பதுதான்.

இங்கே நடந்த தவறு அறியாமை மட்டுமல்ல. அறியாமை யாருக்கும் வரும், அதில் பாவமில்லை. 'என்ன பணி என்று எமக்குத் தெரியாது' என்ற வாக்கியம் யாரும் கவனிக்காமலே 'பணி ஒன்றும் இல்லை' என்று மாறியதே தவறு. முதலாவது நம்மைப் பற்றிய கூற்று. இரண்டாவது பொருளைப் பற்றிய கூற்று. இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை அந்தக் குழந்தைகள் தம் உடலால் அளந்தார்கள். இயல்பு எது என்பதற்கான அளவுகோலே வறுமையால் சுருங்கிய உடல்களிலிருந்து எடுக்கப்பட்டது என்பது இந்த வரலாற்றின் மற்றொரு துயரம்.

ஒரு மறுப்பை இங்கே நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். இப்படியே பேசினால் இருப்பவை அனைத்தும் காரணத்தோடுதான் இருக்கின்றன, எதையும் தொடக்கூடாது என்ற இடத்துக்கு வந்துவிட மாட்டோமா? பழைய வழக்கங்கள், பழைய அநீதிகள், பழைய அதிகாரங்கள் எல்லாம் இந்த வாதத்தின் நிழலில் வந்து உட்கார்ந்துகொள்ளாவா?

அந்த அபாயம் உண்மையானது. விஞ்ஞானமும் அப்படிச் சொல்லவில்லை. ஈ. கோலையின் டி.என்.ஏ.யில் பழைய வைரசுகளின் எச்சங்களும் இடம் மாறித் திரியும் துண்டுகளும் நிறைய உண்டு. 2006இல் ஓர் ஆய்வுக்குழு அந்த டி.என்.ஏ.யில் 15 சதவீதம் வரை வெட்டி நீக்கியது. கலம் நன்றாகவே வளர்ந்தது. சில காரியங்களுக்கு முன்னைவிடப் பொருத்தமாகவும் ஆனது. ஆகவே சுமையும் உண்டு, எச்சமும் உண்டு, நீக்க வேண்டியதும் உண்டு. எதையும் நீக்காதே என்பது இங்கு வாதமல்ல. தெரியாது என்பதை நீக்குவதற்கான காரணமாக்காதே என்பதே வாதம். அவ்வாறே, தெரியாது என்பதைக் காப்பதற்கான காரணமாக்கவும் முடியாது. ஒரு வழக்கம் செய்யும் தீங்கு கண்முன்னே தெரிகிறபோது, அதற்குள் ஏதோ அறியாத நன்மை ஒளிந்திருக்கும் என்று சொல்லித் தப்ப இடமில்லை. தீங்கு தெரிந்த ஒன்று 'பணி தெரியாதது' அன்று. அதன் பணி தெரிந்துவிட்டது.

ஆய்வுகூடத்துக்கும் வாழ்க்கைக்கும் இடையே உள்ள பெரிய வித்தியாசமும் இங்குதான். ஓர் அலகை நீக்கும் ஆய்வாளர், நீக்கப்படாத மூலக் கலத்தைக் குளிரூட்டியில் உறைய வைத்திருக்கிறார். தவறினால் அதைத் திரும்ப எடுக்கலாம். அவர் எட்டு அலகை நீக்கி ஏழைத் திரும்பச் சேர்க்கலாம். கதிர் பட்ட குழந்தையின் கழுத்துக்கு அப்படியொரு பிரதி எங்கும் உறைந்திருக்கவில்லை. வெட்டிய காட்டுக்கும், பேசுவார் இல்லாமல் போன மொழிக்கும், 'உன்னால் என்ன பிரயோசனம்' என்ற ஒரு கேள்வியால் ஒதுக்கப்பட்ட மனிதருக்கும் அது இல்லை. ஆகவே நிரூபிக்கும் பொறுப்பு எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருக்க முடியாது. திரும்பப் பெற முடிந்ததைத் துணிந்து நீக்கிப் பார்க்கலாம். அறிவு அப்படித்தான் வளர்கிறது. திரும்பப் பெற முடியாததை நீக்க வருபவரிடமே, அது வேண்டாதது என்று காட்டும் கடமை இருக்கிறது. அது வேண்டியது என்று காட்டும் கடமை, நீக்கப்படவிருப்பதன் மேல் இல்லை.

மனிதரைப் பொறுத்தவரை இதையும் தாண்டிச் செல்ல வேண்டும். புரதத்தின் பெறுமதி கலத்துக்கு அது ஆற்றும் பணியில் இருக்கலாம். மனிதன் எந்தக் கலத்தின் உறுப்பும் அல்ல. அவன் எதற்குப் பயன்படுகிறான் என்ற விசாரணை முடியும்வரை அவனுடைய கண்ணியம் காத்திருக்க வேண்டியதில்லை. 'யாருக்குத் தெரியும், இவராலும் ஏதாவது பயன் இருக்கலாம்' என்று சொல்லி ஒருவரைக் காப்பாற்றுவதுகூட அரைகுறை நியாயமே. பக்டீரியாவிலிருந்து நாம் கற்கக்கூடியது, நமது அறியாமையை எவ்வாறு கையாள்வது என்பதை மட்டுமே; மனிதனின் பெறுமதியை அளக்கும் தராசை அங்கிருந்து கொண்டுவர முடியாது.

அறியாமையைக் கையாள்வதில் அந்த விஞ்ஞானிகளிடம் கற்க நிறையவே இருக்கிறது. அவர்கள் தெரியாதவற்றை ஒளித்துவைக்கவில்லை. பட்டியலிட்டார்கள், எழுத்து ஒன்றை அடையாளமாக இட்டார்கள், எண்ணிச் சொன்னார்கள். அந்தப் பட்டியலே பின்பு தேடுகருவியாயிற்று. இலிப்போபொலிசக்கரைட்டை வெளிச்சவ்வுக்கு ஏற்றிச் செல்லும் பொறியில் சில பாகங்கள் அகப்படாதிருந்தன. 2008இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர், அவை உட்சவ்வில் இருக்க வேண்டும், இன்றியமையாதவையாக இருக்க வேண்டும், பணி தெரியாதவையாக இருக்க வேண்டும் என்று தர்க்கித்தார்கள். எறும்பின் உடலுக்குள் வாழும், மிகக் குறைந்த அலகுகளே கொண்ட ஒரு பக்டீரியாவிலும் அவை எஞ்சியிருக்கும் என்று எண்ணி அங்கே தேடினார்கள். 'வை'யில் தொடங்கும் பெயர் கொண்ட இரண்டு அலகுகள் கிடைத்தன. இன்று அவற்றுக்கு வேறு பெயர். 2024இல் அறிவிக்கப்பட்ட சோசுரபல்பின் என்ற புதிய நுண்ணுயிர்க்கொல்லி, அசினெற்றோபக்டர் என்னும் பக்டீரியாவில், இவ்விரண்டும் சேர்ந்த பொறியையே பிடித்து நிறுத்துகிறது. வைத்தியசாலைகளில் பல மருந்துகளுக்கும் அடங்காத நோயாளிக்கொல்லி அந்தப் பக்டீரியா. 'தெரியாது' என்று எழுதி வைக்கப்பட்ட ஒரு வரி, பதினாறு ஆண்டுகளில் ஒரு மருந்தின் இலக்காயிற்று.

அந்தப் பட்டியல் இன்னும் முடியவில்லை. 473 அலகுக் கலத்தின் 149 என்ற எண், 2019 அளவில் தொண்ணூறு சொச்சமாகக் குறைந்தது. ஒவ்வொன்றாக அவற்றுக்குப் பெயர் கிடைத்து வருகிறது. பெயர் கிடைக்காதவை, கிடைத்தவற்றைப் போலவே, இந்த நிமிடத்திலும் தத்தம் கலங்களைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன.